ஒரே டிரான்ஸ்பாண்டரிலிருந்து சேனல்களைத் தனித்தனியாகப் பிரிப்பது எப்படி?

சாட்டிலைட்டிலிருந்து இறங்கும் ஒரு டிரான்ஸ்பாண்டரில் (ஒரு ஒளிபரப்பு அலைவரிசையில்) பத்துப் பன்னிரண்டு சேனல்கள் ஒரே கட்டாக வருகின்றன. இந்தக் கட்டுக்கு எம்பிடிஎஸ் என்று பெயர். அதிலிருந்து ஒரு சேனலை மட்டும் உருவி எடுத்தால் அது எஸ்பிடிஎஸ். உருவுவது லேசான வேலைதான். வேண்டிய பிஐடிகளை (ஒரு பேக்கெட் எந்த ஓட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டும் எண்களை) வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டால் கணினியில் விஎல்சி பிளேயர் படம் காட்டிவிடும். அதே ஸ்ட்ரீமை ஒரு செட்டாப் பாக்ஸுக்கோ கேபிள் மாடுலேட்டருக்கோ (ஸ்ட்ரீமைக் கேபிள் அலைவரிசையில் ஏற்றும் கருவி) கொடுத்துப் பார்க்கும்போதுதான் வண்டவாளம் தெரியவரும். சேனல் தேடலில் பன்னிரண்டு பெயர் வந்து பதினொன்று கறுப்பாக நிற்கும், படம் விட்டுவிட்டு ஓடும், இல்லாவிட்டால் உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் போகும். விஎல்சி பொறுத்துப்போகும் தவறுகளைப் பாக்ஸ் பொறுக்காது. அட்டவணைகளைத் திருத்தி எழுதுவது, கடிகாரம் கெடாமல் அனுப்புவது என்ற இரண்டும் சரியாக இருந்தால்தான் சேனல் பிரிந்ததாக அர்த்தம்.

விடுதி, அடுக்குமாடிக் குடியிருப்பு, சிறிய கேபிள் கன்ட்ரோல் ரூம் போன்ற இடங்களில் லினக்ஸ் கணினியும் ட்யூனர் கார்டும் வைத்து இலவசச் சேனல்களைப் பிரித்து நெட்வொர்க்கில் விடுவதற்கான முறை இது. கட்டணச் சேனல்களுக்கு ஒளிபரப்பாளரோடு ஒப்பந்தமும் அவர்கள் தரும் கார்டும் வேண்டும். அதற்குக் குறுக்குவழி இங்கே கிடையாது.

கட்டுக்குள் இருப்பது

ஸ்ட்ரீம் முழுவதும் 188 பைட் பேக்கெட்டுகள். ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஹெக்ஸில் 47. அடுத்து வரும் தலைப்பில் 13 பிட்டில் பிஐடி எண் இருக்கும், 0 முதல் 8191 வரை. பிஐடி 8191 வெறும் நிரப்புச் சரக்கு. பிஐடி 0-இல் வருவது பிஏடி. எந்தச் சேவை எண்ணுக்கு எந்த பிஐடியில் பிஎம்டி கிடைக்கும் என்பதை அது சொல்லும். அந்த பிஎம்டியைத் திறந்தால் அந்தச் சேனலின் வீடியோ, ஆடியோ, சப்டைட்டில் பிஐடிகளும், கடிகாரமான பிசிஆர் எந்த பிஐடியில் வருகிறது என்ற தகவலும் இருக்கும். சேனல் பெயர்கள் உள்ள எஸ்டிடி பிஐடி 17-இல், நிகழ்ச்சி விவரமான ஈஐடி 18-இல், நெட்வொர்க் விவரமான என்ஐடி 16-இல்.

ஒரு மாதிரிக் கணக்கு வைத்துக்கொள்வோம். சேவை எண் 5, பிஎம்டி பிஐடி 500, வீடியோ 501, தமிழ் ஆடியோ 502, இந்தி ஆடியோ 503, பிசிஆர் 510. கடைசி எண்ணைக் கவனியுங்கள். பெரும்பாலான சேனல்களில் பிசிஆர் வீடியோ பிஐடியிலேயே வரும். சிலவற்றில் இப்படித் தனி பிஐடியில் வரும். 501, 502, 503-ஐ மட்டும் கையால் எழுதி வடிகட்டியவர் 510-ஐ விட்டுவிடுவார். விஎல்சி எப்படியோ சமாளித்து ஓட்டும். பாக்ஸ் முதல் படத்தோடு உறைந்து நிற்கும். பிரித்த சேனல் பாக்ஸில் மட்டும் வரவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

சாமான்கள்

ஒரு சேனலுக்கு ஒரு ட்யூனர் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு ஒரு ட்யூனர் போதும், அதற்குள் இருக்கும் எல்லாச் சேனல்களையும் அந்த ஒரே ட்யூனரிலிருந்து பிரிக்கலாம். நான்கு டிரான்ஸ்பாண்டர் வேண்டுமென்றால் டிபிஎஸ் 6904 போன்ற நான்கு ட்யூனர் கார்டு ஒன்று. யுஎஸ்பி ட்யூனர் பழகுவதற்குச் சரி. இரவு பகலாக ஓட வேண்டிய இடத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுதான் நிற்கும்.

டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியில் ஒரு சிக்கல். ட்யூனர் 13 வோல்ட் கொடுத்தால் வெர்டிக்கல் போலரைசேஷன் (அலை அதிரும் திசை), 18 வோல்ட் கொடுத்தால் ஹாரிசான்டல். 22 கிலோஹெர்ட்ஸ் டோன் சேர்த்தால் மேல் பேண்ட். ஒரே கேபிளைச் சாதாரண ஸ்ப்ளிட்டரால் இரண்டாக்கி இரண்டு ட்யூனருக்குக் கொடுத்தால் ஒன்று 13 கேட்கும், இன்னொன்று 18 கேட்கும், 18 ஜெயிக்கும், 13 கேட்டதில் படம் போகும். வெவ்வேறு போலரைசேஷன் வேண்டுமானால் க்வாட் எல்என்பி அல்லது மல்டிஸ்விட்ச் போடுங்கள்.

இந்தியாவின் கேயூ பேண்ட் டிஷ்களில் வழக்கமாக உள்ள யுனிவர்சல் எல்என்பிக்கு எல்ஓ மதிப்பு (வரும் அலைவரிசையிலிருந்து எல்என்பி கழிக்கும் எண்) 9750, 10600 மெகாஹெர்ட்ஸ். சி பேண்டுக்கு 5150, அங்கே கழித்தல் தலைகீழ். 4000-இல் உள்ள டிரான்ஸ்பாண்டர் கேபிளில் 1150-இல் வரும். இதைத் தப்பாகக் கொடுத்தால் சிக்னல் இருந்தும் லாக் ஆகாது.

சிக்னல் தரத்தில் மார்ஜின் முக்கியம். டிவிபி-எஸ்2 என்ற சாட்டிலைட் ஒளிபரப்பு முறையில் 8பிஎஸ்கே மாடுலேஷனும் 3/4 பிழைதிருத்த விகிதமும் (எஃப்இசி) சேர்ந்தால் தாங்கும் எல்லை 7.9 டிபி அளவில் இருக்கிறது. வெயில் நாளில் 9 டிபி காட்டுகிறது என்று திருப்திப்பட்டால் முதல் மழையில் பன்னிரண்டு சேனலும் சேர்ந்து போகும். கேயூ பேண்டில் 3, 4 டிபியாவது மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முழுக் கட்டையும் பதிவு செய்யுங்கள்

பிரிக்கத் தொடங்குமுன் டிரான்ஸ்பாண்டரை அப்படியே, எதையும் வடிகட்டாமல், இரண்டு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சிம்பல் ரேட் 29,500, க்யூபிஎஸ்கே, எஃப்இசி 3/4 உள்ள பழைய டிவிபி-எஸ் டிரான்ஸ்பாண்டர் என்றால் கணக்கு இப்படி: 29.5 × 2 × 3/4 × 188/204 = நொடிக்கு 40.78 மெகாபிட். இரண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 610 மெகாபைட். கிடைத்த கோப்பு 400 மெகாபைட்தான் இருக்கிறது என்றால் ட்யூனரில் வன்பொருள் வடிகட்டி எங்கோ வேலை செய்கிறது, அல்லது பேக்கெட்டுகள் கீழே விழுகின்றன. சில யுஎஸ்பி ட்யூனர்களின் வடிகட்டியில் 32 பிஐடிக்குத்தான் இடம் இருக்கும். 33-ஆவது பிஐடி கேட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். பட்ஜெட் மோடு என்று சொல்லப்படும் அமைப்பில் முழு ஸ்ட்ரீமையும் கணினிக்குள் இழுத்து, வடிகட்டலை மென்பொருளில் செய்வதே நல்லது.

கோப்பின் அளவு 188-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று பாருங்கள். 204-ஆல் வகுபட்டால் திருத்தக் குறியீட்டின் 16 பைட் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 192 என்றால் ஒவ்வொரு பேக்கெட்டுக்கு முன்னும் 4 பைட் நேர முத்திரை இருக்கிறது.

இந்தப் பதிவுக் கோப்பு பின்னால் பெரிய சாட்சி. நாளை ஒரு சேனலில் கோளாறு வந்தால் அது மேலேயிருந்தே வந்ததா, நம் பிரிப்பில் வந்ததா என்று சண்டை போடாமல் தெரிந்துகொள்ளலாம்.

அட்டவணையைப் படிப்பது

டிஎஸ்டக் என்ற மென்பொருள் தொகுப்பிலுள்ள அனலைஸ் கருவியில் கோப்பைப் போடுங்கள். சேவை எண், பெயர், பிஐடிகள், ஒவ்வொன்றின் பிட்ரேட், பூட்டு இருக்கிறதா என்பது வரை பட்டியல் வரும். அதில் பார்க்க வேண்டியவை சில.

ஸ்ட்ரீம் டைப் எண் 2 என்றால் எம்பெக்-2 வீடியோ, 27 என்றால் எச்.264, 36 என்றால் எச்இவிசி. கீழே இருக்கும் பாக்ஸ்கள் எம்பெக்-2 மட்டும் படிக்கும் பழைய பாக்ஸ்களாக இருந்தால் 27 உள்ள சேனலை எவ்வளவு அழகாகப் பிரித்தாலும் கறுப்புத் திரைதான். அதற்கு டிரான்ஸ்கோடர் வேண்டும். ஆடியோவில் 3, 4 எம்பெக். 15, 17 ஏஏசி. டைப் 6 என்று வந்தால் எண்ணை மட்டும் நம்பாமல் கூட வரும் குறிப்பைப் பாருங்கள். சப்டைட்டிலாகவும் இருக்கலாம், டால்பி ஆடியோவாகவும் இருக்கலாம்.

பிஏடியில் ஒரே சேவை, வீடியோவே இல்லை, பிஐடி 4096-இல் மட்டும் பெரும் சரக்கு ஓடுகிறது என்றால் அது டி2-எம்ஐயாக இருக்க வாய்ப்பு அதிகம். தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களுக்குப் போகும் ஸ்ட்ரீம் இன்னொரு உறைக்குள் வருகிறது. முதலில் அந்த உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் பிஎல்பி என்ற ஓட்டத்தை எடுத்தால்தான் சேனல் பட்டியல் கிடைக்கும். லாக் ஆகியும் எதுவும் வராமல் இருந்தால் மல்டிஸ்ட்ரீமா (ஒரே அலைவரிசையில் பல ஸ்ட்ரீம்களா) என்று பாருங்கள். அதற்கு எந்த ஸ்ட்ரீம் என்று குறிக்கும் ஐஎஸ்ஐ எண் கொடுக்க வேண்டும், கார்டும் அதை ஆதரிக்க வேண்டும்.

பிரிப்பது

விதி ஒன்றே ஒன்று: பிஐடியைக் கையால் எழுதாதீர்கள், சேவை எண்ணைக் கொடுங்கள். ஒளிபரப்பாளர் நள்ளிரவில் ஒரு ஆடியோ சேர்ப்பார், பிஐடி மாற்றுவார், பிஎம்டியின் பதிப்பு எண் ஒன்று ஏறும். சேவை எண்ணைப் பின்தொடரும் மென்பொருள் புதிய பிஎம்டியைப் படித்துத் தானே மாறிக்கொள்ளும். கையால் எழுதிய பட்டியல் மாறாது. காலையில் ஒலி இல்லை என்று போன் வரும்.

நேரடி ஒளிபரப்புக்கு டிவிபிளாஸ்ட் என்ற மென்பொருள் போதுமானது, எடையும் குறைவு. அதன் அமைப்புக் கோப்பில் சேனலுக்கு ஒரு வரி:

239.10.1.5:1234 1 5
239.10.1.6:1234 1 6
239.10.1.7:1234 1 7

முதலில் மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமைக் கேட்கும் எல்லோருக்கும் அனுப்பும்) முகவரியும் போர்ட்டும், அடுத்த 1 என்பது எப்போதும் இயங்கு என்பதற்கான குறி, கடைசி எண் சேவை எண். அதற்குப் பிறகு பிஐடிகளையும் எழுதலாம், மேலே சொன்ன காரணத்தால் எழுத வேண்டாம். டிவிபிளாஸ்ட் இயல்பாக ஆர்டிபி தலைப்போடு அனுப்பும். பல பாக்ஸ்களுக்கும் மாடுலேட்டர்களுக்கும் வெறும் யுடிபிதான் புரியும், எனவே அந்த விருப்பத்தை மாற்றிவிடுங்கள்.

பதிவுக் கோப்பை வைத்துப் பழக, அல்லது ஒரு சேனலை நுணுக்கமாகக் கையாள, டிஎஸ்டக்கின் ஜாப் பிளகின். சேவை எண்ணோ பெயரோ கொடுத்தால் அந்தச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டு பிஏடியையும் எஸ்டிடியையும் தானே புதிதாக எழுதிவிடும். ஒரு மொழி ஆடியோ மட்டும் போதுமென்றால் பிஎம்டியிலிருந்தும் மற்ற மொழிகளை நீக்கும்.

எஃப்எஃப்எம்பெக் எல்லோருக்கும் பழக்கமான கருவி என்பதால் அதையே பிடித்துக்கொள்கிறவர்கள் அதிகம். இரண்டு எச்சரிக்கை. சேவை எண்ணைச் சொல்லாமல் விட்டால் அது மொத்தக் கட்டிலும் தேடி, அதிகத் தெளிவுள்ள வீடியோ ஒன்றையும் அதிக ஒலித்தடங்கள் உள்ள ஆடியோ ஒன்றையும் தேர்ந்தெடுக்கும். இரண்டும் ஒரே சேனலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. செய்தி வாசிப்பவர் வாயிலிருந்து பக்திப் பாட்டு வரும். இரண்டாவது, காப்பி முறையில் ஓட்டினாலும் அது பேக்கெட்டுகளை அப்படியே கடத்துவதில்லை. அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறது. பிஐடிகள் 256-இலிருந்து புதிதாக ஓடும், பிஎம்டி 4096-க்குப் போகும், பிசிஆரும் புதிதாக எழுதப்படும். கோப்பை வெட்டி எடுக்க நல்ல கருவி. 24 மணி நேர ஒளிபரப்புக்கு டிவிபிளாஸ்ட்டோ டிஎஸ்டக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தி எழுத வேண்டிய அட்டவணைகள்

வெளியே போகும் பிஏடியில் ஒரே ஒரு சேவைதான் இருக்க வேண்டும். எஸ்டிடியிலும் அப்படியே. பழைய எஸ்டிடி அப்படியே போனால் டிவியின் சேனல் தேடல் இல்லாத சேனல்களின் பெயர்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஈஐடியில் பலர் ஏமாறுவார்கள். எல்லாச் சேனல்களின் நிகழ்ச்சி விவரமும் ஒரே பிஐடி 18-இல்தான் வருகிறது. பிஐடி அளவில் அதை அனுமதித்தால் பன்னிரண்டு சேனலின் விவரமும் ஒவ்வொரு ஸ்ட்ரீமிலும் ஏறி, வீணாக இடத்தை அடைக்கும். அட்டவணையின் பிரிவுக்குள் புகுந்து சேவை எண் பார்த்து வடிகட்டும் கருவியே வேண்டும்.

என்ஐடியைக் கேபிளுக்குள் அப்படியே விடாதீர்கள். அதில் இருப்பது சாட்டிலைட்டின் அலைவரிசைகள். நெட்வொர்க் தேடல் செய்யும் கேபிள் பாக்ஸ் அதை நம்பித் தேடப்போய் வெறுங்கையோடு திரும்பும். கேபிள் அலைவரிசைகளோடு புதிய என்ஐடி எழுதுங்கள், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள்.

முறைப்படி வாங்கிய கேம் (கார்டைச் செருகிப் பூட்டைத் திறக்கும் கருவி) வைத்துப் பூட்டுத் திறந்த சேனலாக இருந்தால், பிஎம்டியில் மீதமிருக்கும், பூட்டு உண்டு என்று சொல்லும் சிஏ குறிப்பையும் எடுக்க வேண்டும். உள்ளே சரக்கு திறந்தே இருந்தாலும் குறிப்பைப் பார்த்த டிவி, சேனல் பூட்டப்பட்டுள்ளது என்று சொல்லி மறுத்துவிடும்.

பிஏடியும் பிஎம்டியும் அரை நொடிக்கு ஒருமுறையாவது வர வேண்டும். 100 மில்லிநொடிக்கு ஒருமுறை வைத்தால் சேனல் மாற்றும்போது படம் சீக்கிரம் வரும்.

கடிகாரம்

பிசிஆர் என்பது 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் காட்டும் எண். இரண்டு பிசிஆருக்கு இடையே 100 மில்லிநொடிக்கு மேல் போகக்கூடாது, டிவிபி பரிந்துரைப்பது 40. அந்த எண் உள்ளே எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அது சொல்லும் நேரத்திலேயே பேக்கெட்டும் போய்ச்சேர வேண்டும். மற்ற பதினொரு சேனலையும் நீக்கிய பிறகு மிச்சமுள்ள பேக்கெட்டுகளை முண்டியடித்து அனுப்பினால், எண் சரியாக இருந்தும் பாக்ஸின் பஃபர் நிரம்பி வழியும், பிறகு வறண்டு போகும். நேரடி ட்யூனரில் பேக்கெட் வந்த வேகத்திலேயே வெளியேறுவதால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கோப்பிலிருந்து ஓட்டும்போது பிசிஆரைப் பார்த்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட் பிளகினைக் கட்டாயம் சேருங்கள்.

யுடிபியில் ஒரு டேட்டாகிராமுக்கு 7 பேக்கெட், 1316 பைட். எட்டு போட்டால் 1500 என்ற வரம்பைத் தாண்டி உடையும். வீடியோவுக்கு 7 சரி. வானொலிச் சேவையைப் பிரிக்கும்போது இதே 7 காலை வாரும். 128 கிலோபிட் ஓட்டத்தில் 1316 பைட் சேர 82 மில்லிநொடி ஆகிறது. அதற்குள் இரண்டு பிசிஆர் உள்ளேயே காத்துக்கிடக்கும். காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்து, குறைந்த பேக்கெட்டோடு அனுப்பச் சொல்லுங்கள்.

பிரித்த சேனலின் பிட்ரேட் நிலையாக இருக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கட்டின் மொத்த வேகம்தான் மாறாதது. உள்ளே கிரிக்கெட் ஓடும் சேனல் அதிகம் எடுக்கும், ஸ்டுடியோவில் பேசும் சேனல் குறைவாக எடுக்கும். மாறாத வேகம் கேட்கும் மாடுலேட்டராக இருந்தால், உச்சத்துக்குச் சற்று மேலே ஒரு அளவு வைத்து, மீதியை 8191 பேக்கெட்டுகளால் நிரப்புங்கள்.

நெட்வொர்க்

முகவரிகளை 239 வரிசையில் தேர்ந்தெடுங்கள், ஆனால் 239.0.0, 239.128.0 என்று தொடங்குபவை வேண்டாம். மல்டிகாஸ்ட் முகவரியின் கடைசி 23 பிட் மட்டுமே ஸ்விட்ச் பார்க்கும் மேக் முகவரிக்குப் போவதால், இவை 224.0.0 வரிசையோடு ஒன்றாகிவிடும். அந்த வரிசையை ஸ்விட்சுகள் எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டும். அதே காரணத்தால் 239.1.1.1-ம் 239.129.1.1-ம் ஸ்விட்சுக்கு ஒரே ஆள்.

ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் சேனலை அனுப்பும் வசதியை) இயக்குங்கள், கூடவே யாருக்கு இன்னும் வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் க்வெரியரும் ஒன்று இருக்க வேண்டும். ஸ்னூப்பிங் மட்டும் இருந்து க்வெரியர் இல்லையென்றால் சேனல் நன்றாக ஓடி, நாலே கால் நிமிடத்தில் நின்றுவிடும். மறுபடி மாற்றினால் வரும், மறுபடி நிற்கும். இயல்பு அளவுகளில் உறுப்பினர் பதிவு 260 நொடியில் காலாவதியாவதுதான் காரணம். ரவுட்டரைத் தாண்டிப் போக வேண்டுமானால் டிடிஎல் மதிப்பை (எத்தனை தாவல் போகலாம் என்ற எண்ணை) உயர்த்துங்கள். வழக்கமான 1 முதல் ரவுட்டரிலேயே செத்துவிடும்.

பெறும் பக்கம் லினக்ஸ் என்றால் கெர்னலின் ரிசீவ் பஃபர் வரம்பைப் பாருங்கள். வழக்கமான 2,12,992 பைட், 40 மெகாபிட் ஓட்டத்தில் 43 மில்லிநொடிக்குத்தான் தாங்கும். சில மெகாபைட்டுக்கு உயர்த்துங்கள்.

கோளாறு எங்கே?

ஒவ்வொரு பிஐடிக்கும் 0 முதல் 15 வரை சுற்றும் தொடர் எண் உண்டு. அது தாண்டிக் குதித்தால் பேக்கெட் விழுந்திருக்கிறது. எல்லாச் சேனல்களிலும் ஒரே நேரத்தில் குதிக்கிறது, பிழைக் குறி ஏறிய பேக்கெட்டுகளும் வருகின்றன என்றால் டிஷ், எல்என்பி, எஃப் கனெக்டர் பக்கம் போங்கள். கனெக்டருக்குள் மழைநீர் இறங்கியிருப்பதே பாதி நேரம் காரணம். எல்லாவற்றிலும் குதிக்கிறது, பிழைக் குறி இல்லை என்றால் கணினி மூச்சு திணறுகிறது. கணினியின் வெளியீட்டில் சுத்தம், பாக்ஸ் அருகே அழுக்கு என்றால் ஸ்விட்சோ கேபிளோ. ஒரே ஒரு சேனலில் மட்டும், அதுவும் பதிவு செய்த முழுக் கட்டிலேயே இருக்கிறது என்றால் ஒளிபரப்பாளர் பக்கம்; நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிசிஆர் மட்டும் சுமக்கும் தனி பிஐடியில் தொடர் எண் ஏறாமல் நிற்பது பிழையல்ல. உள்ளே சரக்கு இல்லாத பேக்கெட்டுக்கு எண் ஏறக்கூடாது என்பதே விதி.

திரும்பக் கட்டும்போது

பல டிரான்ஸ்பாண்டர்களிலிருந்து பிரித்த சேனல்களைக் கேபிளுக்காகப் புதிய கட்டாகச் சேர்ப்பவர்களுக்கு: இரண்டு சேனல் ஒரே பிஐடியோடு, ஒரே சேவை எண்ணோடு வந்து மோதுவது சகஜம். ஆரம்பத்திலேயே சேனலுக்குப் பத்து எண் என்று ஒதுக்கி மாற்றி எழுதுங்கள். முதல் சேனலுக்கு 1010 முதல் 1019, அடுத்ததற்கு 1020 முதல் 1029. கேபிள் மாடுலேஷன் 64 க்யூஏஎம், சிம்பல் ரேட் 6875 என்றால் கிடைக்கும் இடம் 6.875 × 6 × 188/204 = 38 மெகாபிட். 40.78 மெகாபிட் டிரான்ஸ்பாண்டர் நிரப்புச் சரக்கு இல்லாமல் நிறைந்து வந்தால் அதன் எல்லாச் சேனல்களும் இதற்குள் அடங்காது. ஒன்றிரண்டை வேறு அலைவரிசைக்கு நகர்த்த வேண்டியிருக்கும். சராசரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் அளந்து, அந்த உச்சத்தை எடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதனை ஓட்டத்தை ஒரு நாளோடு நிறுத்திவிட வேண்டாம். படம், ஒலியின் நேர முத்திரைகள் 33 பிட் எண்ணிகள், நொடிக்கு 90,000 படி ஏறி 26 மணி 30 நிமிடத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் தடுமாறும் பாக்ஸ்களும் மென்பொருள்களும் இன்னும் இருக்கின்றன. நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரம் தள்ளி ஒரு சேனல் உறைகிறது என்றால் காரணம் இதுவே. 27 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.